கே.ஜி.எஃப். வீட்டை விற்கிறீர்களா? அதிக விலை சொன்னவரே நல்ல பார்ட்டி இல்லை, ஏன்?

மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் காலை ரயிலில் ஏறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போகும் தலைமுறை ஒன்று. அந்த ரயிலையும் விட்டுவிட்டு வொயிட்ஃபீல்டிலோ சென்னையிலோ துபாயிலோ செட்டிலாகிவிட்ட தலைமுறை இன்னொன்று. கோலார் தங்கவயலில் பல வீடுகளில் இப்போது அம்மா, அப்பா மட்டும்தான் இருக்கிறார்கள். சில வீடுகளில் பூட்டு மட்டும் தொங்குகிறது.

ஒருநாள் போன் வரும். "டேய், ராபர்ட்சன்பேட்டை வீட்டைக் கேட்டு மூணு பேர் வந்துட்டாங்க. ஒருத்தர் 46 சொல்றார். கொடுத்துடலாமா?"

"46ஆ? கொடுத்துடுங்கம்மா" என்று சொல்லத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்க. வீடு விற்கும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு?" என்பதுதான். உண்மையில் கேட்க வேண்டியவை மூன்று: அந்தப் பணத்தில் எவ்வளவு உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும்? எப்போது வரும்? வராமல் போக என்ன வாய்ப்பு? ஒன்றுக்கு மேற்பட்ட ஆஃபர்கள் கையில் இருக்கும்போது அவற்றை எப்படி எடை போடுவது என்று பார்க்கலாம்.

முதல் கேள்வி: உங்களிடம் இருப்பது விற்கக்கூடிய வீடுதானா?

வேறு ஊரில் இந்தக் கேள்வி விசித்திரமாக இருக்கும். தங்கவயலில் இதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் வரவேண்டும்.

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு போன்ற தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்களுக்குச் சுரங்கத்தைச் சுற்றியே லைன் வீடுகள் எழுந்தன. மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க், உரிகம் என்று பகுதிகளின் பெயர்களே சுரங்கங்களின் பெயர்கள்தான். 1956-ல் மைசூர் அரசும், 1962-ல் மத்திய அரசும் சுரங்கங்களை எடுத்துக்கொண்டன. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் (பி.ஜி.எம்.எல்) உருவானது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனது, குடும்பங்கள் லைன் வீடுகளிலேயே தங்கின.

இதனால் ஊரில் இரண்டு வகை வீடுகள் இருக்கின்றன. ஒன்று, ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை போன்ற இடங்களில் கிரயப் பத்திரம் உள்ள தனியார் வீடு. இன்னொன்று, கம்பெனி குவார்ட்டர்ஸ். மூன்று தலைமுறையாக வாழ்ந்திருக்கலாம், முன்பக்கம் ரூம் இழுத்துக் கட்டியிருக்கலாம், கரண்ட் பில், ரேஷன் கார்டு, ஓட்டர் ஐடி எல்லாம் அந்த முகவரியில் இருக்கலாம். இவை எதுவும் உரிமைப் பத்திரம் ஆகாது. குடும்பத்தின் பெயருக்கு முறையாக உரிமை மாற்றித் தரப்படாதவரை அந்த வீட்டைக் கிரயம் செய்து கொடுக்க முடியாது.

"பரவாயில்ல, நோட்டரி அக்ரிமெண்ட் போட்டுக்கலாம், பவர் எழுதிக் கொடுங்க, பணம் தந்துடறேன்" என்று யாராவது கேட்டால், அது வீடு வாங்கும் ஆஃபரே இல்லை. பவர் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகியவற்றை வைத்துச் சொத்தின் உரிமை மாறாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பணம் கொடுத்தவருக்கு உரிமை வராது. பணம் வாங்கியவருக்கோ, "திருப்பிக் கொடு" என்ற சண்டை எந்த நாளும் வரலாம்.

அரசு கொடுத்த மனையில் கட்டிய வீடு என்றால் இன்னொரு கவனம் தேவை. ஹக்கு பத்திரத்தில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடி குடும்பங்களுக்கு அரசு வழங்கிய நிலத்தை, அரசின் முன் அனுமதி இல்லாமல் விற்பதைக் கர்நாடகாவின் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இதை மறைத்து விற்றால், பல வருடங்கள் கழித்தும் பிரச்னை கிளம்பலாம்.

இரண்டாவது கேள்வி: கையெழுத்து போட வேண்டியவர்கள் யார் யார்?

வீடு அப்பா பெயரில், அப்பா இறந்துவிட்டார், உயில் இல்லை என்றால், இந்து வாரிசுச் சட்டப்படி அம்மா, மகன்கள், மகள்கள், அப்பாவின் தாய் உயிரோடு இருந்தால் அவரும், எல்லோரும் சமமாகப் பங்கு பெறுவார்கள். "அக்காவுக்குத்தான் கல்யாணத்துல எல்லாம் செஞ்சாச்சே" என்பது சட்டத்தில் செல்லாது. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பங்களுக்குத் தனிச் சட்டம்.

வாரிசுகளில் ஒருவர் கையெழுத்து குறைந்தாலும், உஷாரான வாங்குபவர் விலகிவிடுவார்; அவருக்குக் கடன் தரும் வங்கியும் விலகிவிடும். வம்ச விருட்சச் சான்று எடுத்து, கட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றிய பிறகு ஆஃபர் கேட்பது நல்லது. கர்நாடகாவில் 2024 அக்டோபரிலிருந்து நகரச் சொத்துகளைப் பதிவுசெய்ய இ-கட்டா தேவைப்படுகிறது. வில்லங்கச் சான்றைக் காவேரி 2.0 தளத்திலேயே எடுக்கலாம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, இ-கட்டா, வரி ரசீது நான்கும் ஒரே ஃபைலில் தயாராக இருந்தாலே பேரத்தில் உங்கள் கை ஓங்கும். "பேப்பர்ல சின்னப் பிரச்னை இருக்கே, ரெண்டு லட்சம் குறைச்சுக்கோங்க" என்ற பேச்சுக்கு இடமே இருக்காது.

வெளிநாட்டில் இருக்கும் தம்பி வர முடியாதென்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று உங்களுக்குப் பவர் அனுப்பலாம். அது சரியான பயன்பாடு. உரிமையை விற்பதற்குப் பதிலாகப் பவர் எழுதிக் கொடுப்பதுதான் தவறு.

ஆஃபர் என்றால் விலை மட்டும்தானா?

இல்லை. ஒவ்வொரு வாங்குபவரிடமும் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

• மொத்த விலை எவ்வளவு? அதில் பத்திரத்தில் எழுதப்போவது எவ்வளவு?
• பணம் எங்கிருந்து வருகிறது? கையிருப்பா, வங்கிக் கடனா, அவருடைய வேறு சொத்தை விற்றா?
• அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது?
• பதிவுக்கு எத்தனை நாள்?
• நிபந்தனை என்ன? கடன் கிடைத்தால்தான், வாடகைக்காரரைக் காலி செய்தால்தான், ரிப்பேர் செய்து கொடுத்தால்தான் என்று ஏதாவது உண்டா?
• யார் பெயரில் பதிவு?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். "என் பெயரில் அல்லது நான் சொல்லும் நபர் பெயரில்" என்று ஒருவர் எழுதச் சொன்னால், அவர் குடியிருக்க வாங்கவில்லை. குறைந்த அட்வான்ஸில் உங்கள் வீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதிக விலைக்கு ஆள் தேடப்போகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். இது சட்டவிரோதம் இல்லை. ஆனால் ஆள் கிடைக்காவிட்டால் உங்கள் ஆறு மாதம் போய்விடும்.

மூன்று ஆஃபர், ஒரு கணக்கு

இப்போது அம்மா சொன்ன மூன்று பேருக்கு வருவோம். இவை கணக்குக்காக வைத்த எண்கள். ஊரின் சந்தை விலை இல்லை. அரசின் வழிகாட்டி மதிப்பு 34 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

ஆஃபர் 1: 46 லட்சம். பத்திரத்தில் 30, கையில் ரொக்கமாக 16.
ஆஃபர் 2: 43 லட்சம். வங்கிக் கடன். அட்வான்ஸ் 2 லட்சம், 90 நாளில் பதிவு.
ஆஃபர் 3: 41 லட்சம். சொந்தப் பணம். அட்வான்ஸ் 4 லட்சம், 30 நாளில் பதிவு.

ஆஃபர் 1-ஐப் பாருங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிக்கவில்லை. வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கலாம். கவனிங்க, அபராதம் பணம் வாங்கியவருக்கு, அதாவது விற்பவருக்கு. 16 லட்சம் வாங்கி 16 லட்சம் கட்ட வேண்டிய நிலை வரலாம்.

அதோடு முடியவில்லை. பத்திர விலையை விட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக இருந்தால், வழிகாட்டி மதிப்பையே விற்பனை விலையாக எடுத்துக்கொண்டு வரி போடுவார்கள். 30 லட்சத்தோடு 10 சதவீதம் சேர்த்தால் 33. வழிகாட்டி மதிப்பு 34. ஆக, பத்திரத்தில் 30 என்று எழுதினாலும் உங்களுக்கு வரி 34 லட்சத்துக்கு. அந்த 16 லட்சத்தைக் கொண்டுபோய் உங்கள் ஹோம் லோனை அடைக்கவும் முடியாது. கணக்கில் காட்ட முடியாத பணம். கடைசி நாளில் "10 தான் ரெடி ஆச்சு" என்று அவர் சொன்னால் கேட்க உங்களிடம் எழுத்து எதுவும் இல்லை. ஆக, 46 என்று கேட்டது உண்மையில் 30 லட்சம் ஆஃபர். மூன்றிலும் குறைவு இதுதான்.

ஆஃபர் 2-ல் விலை நேர்மையானது. சிக்கல் வேறு இடத்தில். வங்கி நீங்கள் பேசிய விலையைப் பார்த்துக் கடன் தராது. தன் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பைப் பார்க்கும். பழைய கட்டடம் என்று மதிப்பீட்டாளர் 38 லட்சம் போட்டால்? ரிசர்வ் வங்கி விதிப்படி 30 முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம்தான். 38-ல் 80 சதவீதம் 30.4 லட்சம். மீதி 12.6 லட்சம் அவர் கையிலிருந்து வரவேண்டும். இது தவிர முத்திரைத் தீர்வை, செஸ், பதிவுக் கட்டணம். கர்நாடகா 2025 ஆகஸ்ட் 31 முதல் பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 2 சதவீதமாக உயர்த்திவிட்டதால், நகரப் பகுதியில் மொத்தம் ஏறக்குறைய 7.6 சதவீதம், 43 லட்சத்துக்குச் சுமார் 3.27 லட்சம். ஆக, அவர் சொந்தமாகப் போட வேண்டியது 16 லட்சத்துக்குப் பக்கம்.

அதனால் அவரிடம் "லோன் கிடைக்குமா?" என்று கேட்பதில் பயனில்லை. "கிடைக்கும்" என்றுதான் சொல்வார். "வங்கி மதிப்பு குறைவா வந்தா, கையிலிருந்து 16 லட்சம் போட முடியுமா? சாங்ஷன் லெட்டர் இருக்கா?" என்று கேளுங்கள். சம்பளத்தைப் பார்த்து வங்கி தரும் ப்ரீ-அப்ரூவல் வேறு. உங்கள் வீட்டின் பத்திரங்களைப் பார்த்த பிறகு தரும் ஒப்புதல் வேறு.

ஆஃபர் 3, இரண்டு லட்சம் குறைவு. ஆனால் இரண்டு மாதம் முன்னதாகப் பணம். அந்த இரண்டு மாதத்தின் மதிப்பு என்ன? பெங்களூருவில் 9 சதவீத வட்டிக்கு உங்களுக்கு ஹோம் லோன் இருக்கிறது, இந்தப் பணத்தை அதில் கட்டுவீர்கள் என்று வைத்தால், 41 லட்சத்துக்கு இரண்டு மாத வட்டி சுமார் 61,500 ரூபாய். அதைக் கழித்தாலும் ஆஃபர் 2 இன்னும் கிட்டத்தட்ட 1.38 லட்சம் மேலே நிற்கிறது.

அப்படியானால் ஆஃபர் 2-தான் சிறந்ததா? வாங்குபவரிடம் கையிருப்பும் கடன் ஒப்புதலும் இருந்தால், ஆமாம். இல்லையென்றால் 90 நாள் கழித்து "லோன் ரிஜெக்ட் ஆயிடுச்சு சார்" என்று வந்து நிற்பார். 90 நாள் வட்டியே 92,000-ஐத் தாண்டும். அதற்குள் ஆஃபர் 3 சொன்னவர் வேறு வீடு பார்த்திருப்பார். 1.38 லட்சத்துக்காக நீங்கள் எடுக்கும் ரிஸ்க் இதுதான். எடுக்கலாமா என்பதை அவர் காட்டும் பேப்பரை வைத்து முடிவு செய்யுங்கள். அவர் பேச்சை வைத்து வேண்டாம்.

இடையில் ஒரு வழியும் இருக்கிறது. ஆஃபர் 3 சொன்னவரிடம் "42 கொடுத்தா இன்னைக்கே பேசி முடிச்சுடலாம்" என்று கேட்டுப் பார்க்கலாம். அல்லது ஆஃபர் 2 சொன்னவரிடம் அட்வான்ஸை உயர்த்தி, நாளை 60 ஆகக் குறைக்கச் சொல்லலாம். விலையை மட்டும் பேசுவது பேரத்தில் பாதிதான்.

வரி எவ்வளவு போகும்? 2001 ஏப்ரல் 1 ஏன் முக்கியம்?

24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் வரும் லாபத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி உண்டு. வாரிசாக வந்த வீட்டில், அப்பாவோ தாத்தாவோ வாங்கிய தேதியும் விலையும்தான் உங்கள் தேதியும் விலையும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால், அன்றைய சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம்.

தங்கவயல்காரர்களுக்கு இந்தத் தேதி கொஞ்சம் வலிக்கும். சுரங்கம் மூடப்பட்டு 32-வது நாள் அது. பக்கத்து ஊரில் ஒருவர் 2001-ல் தன் வீட்டுக்கு என்ன மதிப்பு போட்டார் என்பதைப் பார்த்து நீங்களும் போட முடியாது. அன்றைய அரசு மதிப்பு தெரிந்தால், அதற்கு மேல் காட்டவும் முடியாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குங்கள்.

உதாரணமாக 2001 மதிப்பு 3 லட்சம், விற்பது 41 லட்சம் என்போம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்கு இந்தியாவில் வசிப்பவர்கள் இரண்டு முறையில் எது குறைவோ அதைக் கட்டலாம். முதல் முறை: லாபம் 38 லட்சம், 12.5 சதவீதம், வரி 4.75 லட்சம். இரண்டாவது முறை: 2025-26-க்கான பணவீக்கக் குறியீடு 376 என்பதால் 3 லட்சம் 11.28 லட்சமாக உயரும், லாபம் 29.72 லட்சம், 20 சதவீதம், வரி சுமார் 5.94 லட்சம். முதல் முறையே லாபம். இதற்கு மேல் 4 சதவீத செஸ் உண்டு.

இந்த வரி வாரிசுகளுக்குப் பிரியும். ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்குத் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். வேறு வருமானம் இல்லாத அம்மாவின் பங்கில் அடிப்படை வரிவிலக்கு வரம்பையும் பயன்படுத்தலாம். பதிவுக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்குள் லாபத் தொகையில் வேறு வீடு வாங்கினால் அந்த அளவுக்கு வரி இல்லை; கட்டுவதாக இருந்தால் மூன்று ஆண்டு. வெளிநாட்டில் வசிக்கும் தம்பிக்கு இந்த இரண்டு முறைச் சலுகை கிடையாது. அவர் பங்குக்கு, தொகை எவ்வளவாக இருந்தாலும் வாங்குபவர் டிடிஎஸ் பிடித்தாக வேண்டும். குறைந்த டிடிஎஸ் சான்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்தால், பெரிய தொகை ரீஃபண்டில் மாட்டிக்கொள்ளாது.

'ரோடு வருது, தங்கம் வருது' என்றால்?

"அவசரப்படாதீங்க, விலை டபுள் ஆகும்" என்று சொல்ல ஊரில் ஆள் பஞ்சமில்லை. பெங்களூரு-சென்னை விரைவுச்சாலையின் கர்நாடகப் பகுதி, ஹொஸ்கோட்டேயிலிருந்து பேத்தமங்கலா பக்கம் வரை, 2024 இறுதியில் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது உண்மை. சயனைடு குன்றுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும் உண்மை.

ஆனால் அந்த எதிர்பார்ப்பு உங்கள் தெருவில் விலையாக மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் வாங்குபவர்கள் கையில் இருக்கிறது. கடந்த ஒரு வருடத்தில் பக்கத்துத் தெருக்களில் உண்மையில் பதிவான விற்பனைகளை விசாரியுங்கள். புரோக்கர் சொல்லும் "கேட்கும் விலை" வேறு, கை மாறிய விலை வேறு. பூட்டிய வீட்டுக்கு வரியும் ஒழுகும் கூரையும் காத்திருக்காது.

அட்வான்ஸ் வாங்கும் முன்

ஒருவரிடம் டோக்கன் வாங்கியபின் இன்னொருவரிடம் வாங்காதீர்கள். விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு அதிக விலைக்கு ஆள் வந்தால் மாற முடியாது. முதல் வாங்குபவர் கோர்ட்டுக்குப் போய் "பேசியபடி எழுதிக் கொடு" என்று கேட்கலாம். ஒப்பந்தத்தில் கடைசி நாள், அவர் விலகினால் அட்வான்ஸ் என்னாகும், வங்கி மறுத்தால் என்னாகும், மூன்றும் தெளிவாக இருக்கட்டும்.

இங்கே இன்னொரு நடைமுறைச் சிக்கல். பத்திரம் கன்னடத்தில் இருக்கும். நம் வீட்டுப் பெரியவர்களில் பலருக்குத் தமிழ்தான் படிக்க வரும். "சும்மா சைன் போடுங்கம்மா, எல்லாம் வழக்கமான ஃபார்மட்தான்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். உங்கள் தரப்பு வக்கீல் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் படித்துச் சொன்ன பிறகே கையெழுத்து. அந்த வக்கீல் புரோக்கரோ வாங்குபவரோ கொண்டுவந்தவராக இருக்க வேண்டாம்.

முழுப் பணம் வரும்வரை சாவியும் மூலப்பத்திரமும் உங்களிடமே இருக்கட்டும். பார்ப்பதற்கு நகல் போதும். பதிவு அன்று டிடியோ ஆர்டிஜிஎஸ்ஸோ, வந்ததை உறுதி செய்துவிட்டு உள்ளே போங்கள்.

அப்போ அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? "46 சொன்னவருக்கு நன்றி சொல்லி அனுப்பிடுங்கம்மா. 43 சொன்னவர்கிட்ட சாங்ஷன் லெட்டரும், கையில எவ்வளவு இருக்குன்னும் கேளுங்க. 41 சொன்னவர்கிட்ட ஒரு வாரம் டைம் கேளுங்க. நான் சனிக்கிழமை வரேன். அக்காவையும் கூப்பிடுங்க, அவ இல்லாம எதுவும் பேச வேண்டாம்."